எட்டாம் பெட்டியில் வந்த மாதா

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, மாதாவைத் திருடிக்கொண்டு போனதாக என் மீது குற்றம் சுமத்தினார்கள். சுமத்தியவர்களில் அப்பா ஒருவர், மாமா ஒருவர், மிச்சப்பேர் எங்கள் சந்தில் இருந்த பெரியவர்கள். விசாரணை நடந்தது, சாட்சிகள் பேசினார்கள், தீர்ப்பும் வந்தது. என்னிடம் மட்டும் யாரும் ஒழுங்காகக் கேட்கவில்லை. இப்போதும் ஏதாவது கல்யாண வீட்டில் பழைய ஆட்களைச் சந்தித்தால், "மாதாவத் தூக்கிட்டு ஓடுன புள்ள இதுதானே?" என்று கன்னத்தைத் தட்டுகிறார்கள். மென்பொருளில் பிழை எங்கே புகுந்தது என்று தேடிக் கண்டுபிடிப்பது என் வேலை. அதற்குத்தான் சம்பளம் தருகிறார்கள். ஆகவே இந்த விஷயத்தையும் முதலிலிருந்து வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடு கண்டி நகரத்துக்கு மேலே மலைச்சரிவில் இருந்தது. பெரிய வீதியிலிருந்து படிக்கட்டு ஏறிக்கொண்டே போகும். அதன் இரண்டு பக்கமும் வீடுகள். கீழ் வீட்டுக் கூரையும் மேல் வீட்டு முற்றமும் ஒரே மட்டத்தில் இருப்பதால், யார் வீட்டில் என்ன கறி, யாருக்கு இருமல் என்பது எல்லோருக்கும் தெரியும். பெரும்பாலும் எங்களைப் போன்ற கத்தோலிக்கக் குடும்பங்கள். ஒரு தலைமுறைக்கு முன் தேயிலைத் தோட்டங்களிலிருந்து இறங்கி வந்து கடைகளிலும் கந்தோர்களிலும் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அப்பா ஒரு தேயிலைக் களஞ்சியத்தில் கிளார்க். வீடு வாடகை வீடு. அறை ஜன்னலைத் திறந்து கொஞ்சம் எக்கிப் பார்த்தால், இரண்டு கூரைகளுக்கு நடுவில் கண்டி வாவியின் ஒரு துண்டு தெரியும். அந்தத் துண்டுதான் எங்களுக்கு வினையாக வந்தது. வெளிநாட்டிலிருந்து திரும்பிய வீட்டுக்காரரின் மகன் அதைப் பார்த்துவிட்டு, வீட்டைச் சுற்றுலாக்காரர்கள் தங்கும் இடமாக மாற்றப்போவதாகச் சொல்லிவிட்டார். நாங்கள் பிறந்ததிலிருந்து எக்கி எக்கிப் பார்த்த தண்ணீரை, யாரோ முன்பின் தெரியாத ஆட்கள் கட்டிலில் படுத்துக்கொண்டே பார்ப்பதற்காக நாங்கள் வெளியேற வேண்டும். இதில் எனக்கு வந்த கோபத்தை நான் யாரிடமும் மறைக்கவில்லை.

அப்பா கெலிஓயாவில் ஒரு வீடு பார்த்தார். "பஸ்ஸுல ஏறி ஒக்காந்து டிக்கட் வாங்குறதுக்குள்ள வந்துரும்" என்றார். அம்மா தெல்தோட்டைத் தோட்டமொன்றில் பிறந்து, கல்யாணமாகி நேராக அந்தப் படிக்கட்டுக்கு வந்தவர். சிங்களம் சரியாக வராது. கிளினிக் போவதென்றாலும், எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வருவதென்றாலும் கூடவே டீச்சர் வருவார். டீச்சர் எங்களுக்கு நேர் மேல் வீடு. பள்ளிக்கூடத்தில் ஓய்வு பெற்று, சனிக்கிழமை காலையில் டவுனில் டியூஷன் கொடுத்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் அந்தப் படிக்கட்டு முழுவதையும் ஆண்டுகொண்டிருந்தவர்.

வீடு மாறுவது முடிவான நாளிலிருந்து அம்மா பெட்டி கட்டுவதை விட்டுவிட்டு மேல் வீட்டுப் படியிலும் கீழ் வீட்டுப் படியிலும் மாறி மாறி உட்கார்ந்திருந்தார். பெட்டி கட்டியது நான். இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பின்னால் இதுவே எனக்கு எதிரான சாட்சியமானது. அப்பா களஞ்சியத்திலிருந்து தேயிலை மணக்கும் காட்போட் பெட்டிகள் கொண்டு வந்தார். ஒவ்வொன்றிலும் தடித்த பேனாவால் இலக்கம் போட்டு, உள்ளே இருப்பதையும் கீழே எழுதினேன். ஒன்று, குசினி, உடையும். இரண்டு, குசினி, உடையாது. மூன்று, புத்தகம், அடியில் வைக்கவும். இப்படியே போய், எட்டு, திரைச்சீலை, மேசை விரிப்பு, கசங்கினால் பரவாயில்லை. ஐந்து வயதுத் தம்பியை எதிலும் கை வைக்க விடவில்லை. இவ்வளவு ஒழுங்காக அந்தச் சந்தில் யாரும் வீடு மாறியிருக்க மாட்டார்கள் என்று எனக்கு உறுதியாகத் தெரியும்.

இனி மாதாவின் விஷயம். ஒக்டோபர் செபமாலை மாதம். அந்த மாதம் முழுவதும் கோயிலைச் சேர்ந்த மாதா சுரூபம் ஒன்று எங்கள் சந்தில் வீடு வீடாகத் தங்கும். ஒரு வீட்டில் ஒரு இரவு, ஒரு பகல். மறுநாள் அந்தி பட்டதும் எல்லோரும் அந்த வீட்டில் கூடிச் செபமாலை சொல்லி, மெழுகுதிரி பிடித்துக்கொண்டு மாதாவை அடுத்த வீட்டில் கொண்டுபோய் விடுவார்கள். இடையில் தனியாள் யாரும் மாதாவைத் தூக்கிக்கொண்டு அலைவது வழக்கமில்லை. சுரூபம் ஒரு முழ உயரம் இருக்கும். நீலப் போர்வை, மூக்கு நுனியில் கொஞ்சம் பெயின்ட் உரிந்திருக்கும். பவனியில் அதைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடப்பது, மாதா தங்கியிருந்த வீட்டுப் பெண் பிள்ளை. புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, எடுத்திருக்க வேண்டும். வெள்ளைச் சட்டை போட்டிருக்க வேண்டும். நான் அந்த வருஷம்தான் புதுநன்மை எடுத்தேன். சட்டை இருந்தது. எங்கள் வீட்டு முறை வெள்ளிக்கிழமை வந்தது. சனிக்கிழமை அந்தியில் நான் மாதாவைத் தூக்கிக்கொண்டு டீச்சர் வீட்டுக்கு ஏற வேண்டும். அந்த மாதக் கடைசியில்தான் வீடு மாறுவதாக இருந்தது. எல்லாம் பொருந்தி இருந்தது.

வியாழக்கிழமை மாமாவிடமிருந்து போன் வந்தது. மாமா அம்மாவின் அண்ணன். தெல்தோட்டைப் பக்கமிருந்து கண்டிக்கு மரக்கறி லொறி ஓட்டுகிறவர்.

"சனிக்கிழம காலையில லோட எறக்கிட்டுச் சும்மாதான் திரும்புறேன். அன்னைக்கு ஏத்துனா ஏத்துறது. அப்புறம் தீவாளி லோடு, என்னய எதிர்பாக்காதீங்க."

அப்பா உடனே சரி என்றார். அம்மா அடுப்படியிலிருந்து வந்தார்.

"மாதா வீட்ல இருக்கயில எப்படீங்க வீடு மாறுறது? வந்த விருந்தாளிய விட்டுட்டு நாம கெளம்புறதா?"

"அப்ப விருந்தாளியவே வேற லொறி பிடிச்சுத் தரச் சொல்லு."

நான் சனிக்கிழமை டீச்சர் வீட்டில் தங்கிவிட்டு ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன். அம்மாவின் முகம் சட்டென்று மாறியது. "நானும் இவளோட இருந்துட்டு வாறேனே. ஒரு ராத்திரிதானே?" என்றார்.

"அப்ப புது வீட்ல அடுப்பு பத்த வெக்கிறது யாரு? ஒங்க அண்ணனா?"

அம்மா அதோடு நிறுத்திக்கொண்டார். எனக்காக வாதாட எழுந்த வக்கீல் முதல் கேள்வியிலேயே உட்கார்ந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். அவர் யாருக்காக எழுந்தார் என்று யோசிக்கத் தோன்றவில்லை.

டீச்சர் ஒரு வழி சொன்னார். சனிக்கிழமை காலையில் அவருக்கு டியூஷன், வீடு பூட்டியிருக்கும். நாங்கள் போன பிறகு மாதா எங்கள் வெறும் வீட்டிலேயே ஒரு கதிரையில் இருக்கட்டும். சாவியைக் கீழ் வீட்டில் கொடுத்துவிட வேண்டும். அந்தியில் எல்லோரும் அங்கேயே கூடிச் செபமாலை சொல்லிவிட்டு மாதாவை மேலே அழைத்துப் போவார்கள்.

"யாரு தூக்குறது?" என்று கேட்டேன்.

"கீழ் வீட்டுப் புள்ள இருக்காளே."

கீழ் வீட்டுப் பெண் என்னைவிட ஒரு வகுப்புக் கீழே. கோயில் திருநாளில் பூத்தட்டையே கவிழ்த்தவள். அவள் கையில் மாதா! நான் சாப்பிடாமல் படுத்தேன். அதை யாரும் கவனிக்கவில்லை என்பது அந்த வாரத்தின் இன்னொரு அநியாயம்.

வெள்ளிக்கிழமை அந்தியில் மாதா வந்தார். பெட்டிகளுக்கு நடுவில் மேசையைப் போட்டு, அம்மா தன் கையால் பின்னிய வெள்ளை விரிப்பை அதன் மேல் விரித்து, மாதாவை வைத்தோம். செபமாலை முடிந்து எல்லோரும் போன பிறகும் அம்மா முழங்காலில் இருந்து எழும்பவில்லை. கோப்பைகளைச் சுற்றப் பழைய பேப்பர் எங்கே என்று நான் இரண்டு தரம் கேட்டேன்.

மறுநாள் காலையில் மாமா இரண்டு ஆட்களோடு வந்தார். முதலில் அலுமாரி இறங்கியது. பாரமான சாமான் அடியில் போக வேண்டும் என்று மாமா பிடிவாதம் பிடித்தார். அதற்குள்தான் அப்பாவின் பத்திரங்கள், அம்மாவின் கல்யாணச் சேலை, என் வெள்ளைச் சட்டை எல்லாம். பூட்டி, சாவியை அம்மா எப்போதும் போல இடுப்பில் ஊசி குத்தி வைத்திருந்தார். என் சட்டை லொறியின் அடி ஆழத்துக்குப் போவதைப் படியில் நின்று பார்த்தேன். அதற்குப் பிறகு என் இலக்கங்களை ஒருவரும் மதிக்கவில்லை. 'குசினி, உடையும்' தலைகீழாகப் போனது. புத்தகப் பெட்டி எல்லாவற்றுக்கும் உச்சியில் ஏறியது.

"மாமா, நம்பரப் பாத்து ஏத்துங்க!"

"அடியே மருமகளே, நம்பர் போட்டுட்டா பெட்டி தானா நடந்து போயிருமா? தள்ளு, தள்ளு!"

கடைசியில் எட்டாம் பெட்டி மட்டும் வாசலில் நின்றது. அது கிடக்கட்டும், தான் பார்த்துக்கொள்கிறேன் என்றார் அம்மா. பிறகு என்னிடம், "மாதாவக் கதிரையில வெச்சிட்டு நீ அப்பாவோட போ. நான் கொழாய் பூட்டியிருக்கான்னு பாத்துட்டு மாமாவோட வாறேன்" என்றார். வீட்டுக்காரருடைய பழைய கதிரை ஒன்று இருந்தது. அதைத் துடைத்து, மாதாவை வைத்தேன். பெயின்ட் உரிந்த மூக்கில் முத்தம் கொடுத்தேன். கீழ் வீட்டுப் பெண் தடுக்கி விழக்கூடாது என்று மாதாவிடம் கேட்டுக்கொண்டேன். அவளுக்காக அல்ல. பிறகு அப்பாவோடும் தம்பியோடும் பஸ் எடுக்கப் படி இறங்கினேன். இதுதான் நடந்தது. இதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. அன்றும் இதைத்தான் சொன்னேன்.

கெலிஓயா வீட்டில் படியே இல்லை. சமநிலத்தில் வரிசையாக வீடுகள். ஒவ்வொரு வீட்டையும் சுற்றி ஆளுயர மதில். லொறியிலிருந்து இறங்கிய அம்மா முற்றத்தில் அசையாமல் நின்று காது கொடுத்துக் கேட்டார். எங்கோ ரயில் போகும் சத்தம். அடுத்த வீட்டில் கோழி. பேச்சுச் சத்தம் எதுவும் இல்லை. "உள்ள வாங்கம்மா, எந்தப் பெட்டியைப் பிரிக்கிறதுன்னு சொல்லுங்க" என்று அவசரப்படுத்தினேன். வரிசைப்படி முதலாம் பெட்டியில்தான் தேநீர்க் கோப்பைகள் இருந்தன. ஆனால் முதலாம் பெட்டி, மாமாவின் புண்ணியத்தில், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் அகப்பட்டுக் கிடந்தது.

மத்தியானம் கழிந்து மழை பிடித்த நேரத்தில் அப்பாவின் போன் அடித்தது. மழைச் சத்தத்தில் கேட்காததால் அப்பா ஸ்பீக்கரில் போட்டார். டீச்சரின் குரல், வகுப்பறைக்குப் போதுமான குரல், வீடு முழுவதும் கேட்டது.

"கதிர இருக்கு. மாதாவக் காணோம்! எங்க வெச்சீங்க?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் கதிரையில் வைத்ததைச் சொன்னேன். கதிரையில் இல்லையாம். குசினியில், பின்பக்கத்தில், எல்லா இடமும் பார்த்தார்களாம். சாவி கீழ் வீட்டை விட்டு நகரவே இல்லையாம். பெரியவர்கள் இப்படி மாறி மாறிக் கத்திக்கொண்டிருந்தபோது, தம்பி தனக்கு விளையாட்டுச் சாமான் தேடி ஒரு பெட்டியின் வாயைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

"மாதா இங்க தூங்குறாங்க" என்றான்.

எட்டாம் பெட்டி. திரைச்சீலைகளுக்கு நடுவில், அம்மாவின் கல்யாணச் சேலையில் கைக்குழந்தை மாதிரி சுற்றப்பட்டு, மாதா படுத்திருந்தார். சேலையின் மடிப்புக்குள்ளிருந்து உரிந்த மூக்கு மட்டும் தெரிந்தது. பெட்டியின் வெளியே, எல்லோரும் வாசிக்கக்கூடிய பெரிய எழுத்தில், என் கையெழுத்து.

விசாரணை இவ்வளவுதான். அப்பா பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முடிவுக்கு வந்துவிட்டார். "பவனி போகலங்கிற கோவத்துல மாதாவையே தூக்கிட்டு வந்துட்டியா?"

"நான் வெக்கல!"

"பின்ன யாரு? மாதாவே ஏறிப் படுத்துக்கிட்டாங்களா?"

மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நான்தான்யா தூக்கிட்டு வந்தேன். கர்ட்டனுக்கு எப்படி இவ்வளவு கனம்னு அப்பவே நெனச்சேன். கெட்டிக்காரி மருமக! நம்பர் போட்டுக் கடத்தியிருக்கா!"

போனில் டீச்சர் வீட்டுக் கூடம் முழுவதும் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள் என்பது சத்தத்தில் தெரிந்தது. 'அந்தப் புள்ளையா', 'பாத்தா சாது', 'போன வருஷமே பூக்கூடைக்குச் சண்ட போட்டவதானே'. கீழ் வீட்டுப் பெண் அழும் சத்தமும் கேட்டது. அவளுக்கு அழ என்ன உரிமை?

நான் அம்மாவைப் பார்த்தேன். கடைசியாக வீட்டைப் பூட்டியவர் அவர். மாதா கதிரையில் இருந்ததைப் பார்த்திருக்க வேண்டியவர் அவர். ஒரு வார்த்தை போதும்: 'நான் பூட்டும்போது மாதா கதிரையில்தான் இருந்தாங்க.' அம்மா குனிந்து, சேலையோடு மாதாவைத் தூக்கி நெஞ்சில் சாய்த்துக்கொண்டார். யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார்:

"சின்னப் புள்ளதானே. விடுங்க."

அநியாயத்தில் பல வகை உண்டு. செய்யாத குற்றத்துக்குத் திட்டு வாங்குவது ஒரு வகை. செய்யாத குற்றத்துக்கு மன்னிப்புக் கிடைப்பது அதைவிட மோசமான வகை. மன்னித்துவிட்ட பிறகு மறுத்துப் பேசுவதற்கு இடமே இல்லை. நான் சுவரோடு போய் ஒட்டிக்கொண்டு நின்றேன்.

தானே லொறியில் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுப்பதாக மாமா சொன்னார். அம்மா சட்டென்று நிமிர்ந்தார்.

"லொறி பூரா அழுகுன கோவா எல நாத்தம் அண்ணே. மாதாவ அதுலயா ஏத்துறது?"

மாதா வந்ததே அந்த லொறியில்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். "நீ பேசாத" என்றார் அப்பா.

அப்படியானால் பஸ்ஸில் தான் கொண்டுபோகலாமா என்று அப்பா கேட்டார். மாதாவைப் பஸ்ஸில் நெரிபட விடுவதா என்று ஸ்பீக்கரில் டீச்சர் அதட்டினார். பிறகு டீச்சர், கொஞ்சம் வேறு குரலில், "அம்மாகிட்டப் போனக் குடுங்க" என்றார். அம்மா போனை வாங்கி, ஸ்பீக்கரை நிறுத்தி, காதில் வைத்துக்கொண்டு முற்றத்துப் பக்கம் போனார். "ம்" என்றார். இன்னொரு "ம்". பிறகு திரும்பி வந்து, "வேன் பிடிச்சு வாறாங்களாம்" என்றார்.

அதற்குப் பிறகு அம்மாவைப் பிடிக்க முடியவில்லை. காலையிலிருந்து கை கால் ஓடாமல் நின்றவர், கூடத்தைக் கூட்டினார். அப்பாவையும் மாமாவையும் விரட்டிப் பெட்டிகளை அறைக்குள் தள்ள வைத்தார். பலகை மேசையை நடுவில் போட்டு வெள்ளை விரிப்பை விரித்தார். மெழுகுதிரியும் நெருப்புப் பெட்டியும் அவர் கைப்பைக்குள்ளிருந்தே வந்தன. என்னுடைய எந்தப் பெட்டியையும் தேட வேண்டியிருக்கவில்லை. பிறகு அலுமாரியைத் திறந்து, மடிப்புக் கலையாத என் வெள்ளைச் சட்டையை எடுத்து நீட்டினார்.

"மாத்திக்கோ. தூக்கிட்டுப் போவணுமில்ல."

அந்த நேரத்தில் அந்தச் சட்டை! மாதாவைத் திருடியவள் வெள்ளை உடுத்துக்கொண்டு ஊர் முன்னால் நிற்க வேண்டுமாம். வேண்டாம் என்றேன். அம்மா இன்னொரு தரம் நீட்டினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் சட்டையைக் கதவில் மாட்டிவிட்டுப் போனார்.

மழை விட்டு, வெளிச்சம் மங்கும் நேரத்தில் வேன் வந்து நின்றது. சந்தே இறங்கியது. நான் ஏச்சு வாங்கத் தயாராக நின்றேன். ஆனால் இறங்கியவர்கள் என்னைக் கடந்து உள்ளே போய், "அட, சிமெண்டுத் தரையா?", "கொழாய் உள்ளேயே இருக்கே!", "முத்தத்துல கருவப்பில நடலாம்" என்று வீட்டைச் சுற்றிப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். மாதாவைத் தேடி வந்தவர்கள் மாதாவை விட்டுவிட்டுக் சிமெண்டுத் தரையும் கருவப்பிலையும் பேசுவதைப் பார்த்து எனக்கு இன்னும் எரிந்தது. கீழ் வீட்டம்மா ஒரு சட்டியில் பலாக்காய்க் கறி கொண்டு வந்திருந்தார். யாரோ ஒரு பை நிறையப் பாண் ரொட்டி. ஒரு பொருள் காணாமல் போனதென்று தேடி வருகிறவர்கள் கறியும் பாணும் கொண்டு வருவார்களா என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கோபத்தில் மனிதருக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை.

இந்தச் சத்தத்தில் பக்கத்து வீட்டு மதிலுக்கு மேலே ஒரு தலை எழும்பியது. முக்காடு போட்ட ஒரு அம்மா, எதன் மேலோ ஏறி நின்று எட்டிப் பார்த்தார்.

"புதுசா வந்த ஊட்ல இவ்வளோ ஆள் ஈக்கிறாங்களே, மௌத்து ஏதும் ஆகிட்டோண்டு நெஞ்சு பதறிப் போச்சு!"

"சாவு இல்லீங்க, செபம்" என்றார் அம்மா. அந்த வீட்டுக்கு வந்த பிறகு வெளி ஆளிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அது.

"அல்ஹம்துலில்லாஹ். ஒக்கார இடம் ஈக்கா? கதிர தரவா?"

பதிலுக்குக் காத்திருக்காமல் அவர் மகன்கள் இரண்டு பேரும் மதிலுக்கு மேலாகக் கதிரைகளை ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினார்கள். மாமா வாங்கி இறக்கினார். கடைசிக் கதிரைக்குப் பின்னால் ஒரு பெரிய பிளாஸ்க்கில் பிளேன் டீயும் வந்தது. "தங்கச்சி, எது வேணுமெண்டாலும் மதில்ல தட்டுங்கொ" என்று அந்த அம்மா சொல்லிவிட்டு மறைந்தார்.

செபமாலை தொடங்கியது. அதில் மாலையின் பத்து மணிகளுக்கான செபத்தைப் பிள்ளைகள் சொல்வது வழக்கம். டீச்சர் என்னைத்தான் சொல்லச் சொன்னார். முழுக் கோபத்தையும் போட்டு, இடைவெளி விடாமல், ஆணி அடிப்பது மாதிரிச் சொல்லி முடித்தேன். "நல்ல சத்தமாச் சொன்னே" என்றார் டீச்சர். அம்மா எனக்கு முன்னால் முழங்காலில் இருந்தார். அவர் முதுகு மட்டும் தெரிந்தது. பதில் சொல்லும் கூட்டத்தில் அவர் குரல் எல்லோரையும்விட உரக்கக் கேட்டது. பழைய வீட்டில் அவர் குரல் ஒருநாளும் தனியாகக் கேட்டதில்லை.

முடிந்ததும் டீச்சர் சேலையை விலக்கி வைத்துவிட்டு, மாதாவைத் தூக்கி என் கையில் கொடுத்தார். நான் கரி பிடித்த வீட்டுச் சட்டையோடு நின்றேன். வெள்ளைச் சட்டை கதவில் தொங்கியது. கீழ் வீட்டுப் பெண் ஒரு மெழுகுதிரியைப் பிடித்துக்கொண்டு மூக்கை உறிஞ்சினாள். கூடத்திலிருந்து முற்றம், முற்றத்திலிருந்து கேட், கேட்டிலிருந்து வேன். அதுவா பவனி? முடிந்தவரை மெதுவாக நடந்தேன். மதிலுக்கு மேலே இப்போது மூன்று தலைகள். எல்லோரும் பாடினார்கள். மாதா நான் நினைத்ததைவிடக் கனமாக இருந்தார். வேனுக்குள் டீச்சரின் மடியில் மாதாவை வைத்தேன்.

டீச்சர் கல்யாணச் சேலையை அம்மாவிடம் நீட்டினார். "பத்திரமா உள்ள வெய்யி. இனி எங்களப் பாக்கணும்னா ஒரு போன் அடிச்சாப் போதும். மாதாவத் தூக்கிட்டு வரத் தேவல்ல."

இன்னும் என்னைத்தான் குத்துகிறார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நான் தூக்கல டீச்சர்!" என்று கத்தினேன்.

"தெரியும் புள்ள" என்றார் டீச்சர். வேன் கதவைச் சாத்திக்கொண்டார்.

தெரியுமாம்! தெரிந்தவர் ஏன் அத்தனை பேர் முன்னால் சொல்லவில்லை? தெரிந்துகொண்டு, ஒரு சந்து முழுவதும் என்னைத் திருடி என்று நினைக்க விட்டுவிட்டு, மாதாவை மடியில் வைத்துக்கொண்டு போய்விட்டார். வேனின் சிவப்பு விளக்கு திரும்பி மறையும் வரை நான் கேட்டில் நின்றேன். அம்மாவும் நின்றார்.

உள்ளே வந்ததும் அம்மா, "சேலைய மடிக்கணும். அந்தத் தலப்பப் பிடி" என்றார். மாட்டேன் என்று சொல்லத்தான் நினைத்தேன். பிடித்தேன். கூடத்தின் ஒரு மூலையில் அவர், மறு மூலையில் நான், நடுவில் அந்தச் சிவப்புப் பட்டு. உதறினோம். இரண்டாக மடித்து, முனைகளைச் சேர்க்க நான் அவரை நோக்கி நடந்தேன். முனையைக் கொடுக்கும்போது அவர் என் விரல்களைச் சேலையோடு சேர்த்துக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டார். நான் முகத்தை நிமிர்த்தவில்லை. மடித்த சேலையை அலுமாரியில் வைத்து, பூட்டி, சாவியை இடுப்பில் குத்திக்கொண்டார்.

காலையிலும் அந்தச் சாவி அங்கேதான் இருந்தது. அலுமாரி எல்லாவற்றுக்கும் முதலில் லொறியின் அடியில் போயிருந்தது. சேலை அதற்கு முன்பே வெளியே வந்திருக்க வேண்டும். இவ்வளவும் என் கண் முன்னால் இருந்தது. இன்று என்னிடம் இப்படி ஒரு பிழையைக் கொண்டு வந்தால் தேநீர் ஆறுவதற்குள் இடத்தைக் காட்டிவிடுவேன். அன்று நான் காட்டவில்லை. அம்மாவும் சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை. அதற்காக எனக்கு இன்னும் அவர் மீது கோபம் உண்டு. என்னிடம் மட்டுமாவது சொல்லியிருக்கலாம்.

அன்று எனக்கிருந்த கவலை வேறு. பெட்டிக்குள் கிடந்ததில் சேலைக் கரையில் ஒரு கசங்கல் விழுந்திருந்தது. அதையும் என் தலையில்தான் போடப்போகிறார்கள் என்று, அம்மா சாவியைக் குத்தி முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்று காத்திருந்தேன்.